மதிலோரம் மூன்றாவது மீசான் கட்டை

"மருந்து குடிச்சுக் குடிச்சு டீச்சருக்கு மூளை குழம்பிட்டு" என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் இருபத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள். கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அல்லாஹ் அறிய, இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், சாய்ந்தமருதில்.

2020 டிசம்பரில் எனக்கும் வாப்பாவுக்கும் ஒன்றாகத்தான் கொரோனா வந்தது. வேறு வேறு இடங்களுக்கு ஏற்றிப் போனார்கள். பதினேழாம் திகதி, வியாழக்கிழமை. மணமே தெரியாமல் கிடந்த என் மூக்கில் திடீரென்று புகை. "எங்கயோ பத்துது புள்ள" என்று தாதியிடம் சொன்னேன். சுவர் மணிக்கூட்டில் 4.20. எங்கும் எதுவும் பற்றவில்லை.

வீடு திரும்பியபோது வாப்பா இல்லை.

"மாரடைப்பு ராத்தா. கடைசி டெஸ்ட்ல கொரோனா இல்லையெண்டு ரிசல்ட் வந்த. நம்மட மையவாடியிலதான் அடக்கின" என்றான் தம்பி முர்ஷித்.

அந்த நாட்களில் கொரோனாவில் மௌத்தானவர்களை, முஸ்லிம்களையும்கூட, அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்தது. நம் ஆட்களுக்கு நோயைவிட அதுதான் பயம். அழுதுகொண்டே அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். வாப்பாவுக்கு மண்ணாவது கிடைத்ததே.

பெண்கள் நாங்கள் மையவாடிக்குள் போவதில்லை. மதிலுக்கு வெளியே நிற்க வைத்து முர்ஷித் கை காட்டினான். மதிலோரம் மூன்றாவது மீசான் கட்டை. அந்தத் தலைமாட்டுக் கட்டைக்குக் கீழேதான் வாப்பாவை அடக்கிய கபுறு.

கொரோனா போயும் மூச்சுத் திரும்பவில்லை. பத்து எட்டு வைத்தால் இளைப்பு. தினமும் 4.20க்குப் புகை மணம். என்னைப்போல் தேறாமல் கிடப்பவர்களுக்கு ஆய்வும் பயிற்சியும் நடத்துகிற நிலையம் ஒன்றில் சேர்ந்தேன். அறிகுறிகளை நேரத்தோடு எழுதக் கொப்பி தந்தார்கள். முதல் வரியாக அந்த வியாழக்கிழமையை எழுதினேன்.

"டீச்சர், உங்கட மூக்குக்குள்ள மணிக்கூடா இரிக்கு?" என்று பிசியோ தக்சாயினி பகிடி பண்ணுவாள்.

மூன்று வருடம் பல்லைக் கடித்து நடக்கப் பழகினேன். என்னத்துக்கு? வெள்ளிக்கிழமைகளில் ஓட்டோ இல்லாமல், என் சொந்தக் காலில் போய் வாப்பாவுக்கு ஸலாம் சொல்ல. அவ்வளவுதான் என் ஆசை.

2024 பெப்ரவரி, செவ்வாய்க்கிழமை. ஆறு நிமிட நடைப் பரிசோதனை. நீண்ட விறாந்தை, இரண்டு முனையிலும் கூம்பு. விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவி. தனியாகத்தான் நடக்க வேண்டும். கூட ஆள் நடந்தால் அவருடைய வேகம் நம் காலில் தொற்றிவிடுமாம்.

4.14. "நடங்க டீச்சர்."

முதல் சுற்று நன்றாகப் போனது. ஒட்சிசன் 97.

4.16. பின்னால் சத்தம். டொக்... சறக். டொக்... சறக். ஊன்றுகோலும், இழுபடும் செருப்பும். சுனாமியில் கால் நசுங்கிய பிறகு வாப்பா அப்படித்தான் நடப்பார். வேறு யாரோ நோயாளியாக்கும் என்று கூம்பில் திரும்பினேன். விறாந்தையில் ஆளில்லை.

மறுபடி நடந்தேன். டொக்... சறக். மறுபடி பின்னால்.

4.18. 91. தக்சாயினி என் தோளுக்கு அப்பால் பார்த்து முகத்தைச் சுழித்தாள். 'இருங்க' என்று கை காட்டினாள். என்னையா? நான் நிற்கவில்லை.

4.19. பிடரியில் சூடு... அடுப்பில் குனிந்தால் அடிக்கிற சூடு.

88.

புகை...

4.20.

"மகள்... நான் அங்க இல்ல."

வாப்பாவின் குரல். என் காதோரம்.

கதிரையில் விழுந்தேன். தக்சாயினி தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"ஆர் டீச்சர் அந்த வயசுபோனவர்? கை காட்டக் காட்ட உங்களுக்குப் பின்னாலயே நடக்கிறார். இப்ப எங்க போயிட்டார்?"

அவள் தாளில் எழுதியதை நானே வாசித்தேன். 'செல்லாது. நோயாளியோடு இன்னொருவர் நடந்தார்.'

அங்க இல்லை என்றால் எங்கே இல்லை? எனக்கு ஒரேயொரு 'அங்க'தான் இருந்தது.

வீட்டில் முர்ஷித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா எங்கடா?"

கோப்பையைக் கீழே வைத்தான்.

"எரிச்சிட்டாங்க ராத்தா. கொரோனாதான். நான்தான் கையெழுத்து வெச்ச. நீங்க தாங்கமாட்டீங்க எண்டு..."

"அப்ப அந்த மூணாவது கட்டை?"

"ஆர்ட கபுறெண்டு தெரியா. வாய்க்கு வந்தத சொன்ன."

அடப்பாவி! ஊருக்கே தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு சுஹறாவுக்குத் தெரியும். என்னை ஏற்றிப்போன ஓட்டோக்காரனுக்கும் தெரியும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயை மூடியிருந்தார்கள். முன்பின் தெரியாத யாரோ ஒருவரை மூன்று வருடம் 'வாப்பா' என்று கூப்பிட்டு அழுதிருக்கிறேன். என் கூடப்பிறந்தவன் பக்கத்தில் நின்று ஆமீன் சொல்லியிருக்கிறான். இதை நான் அவனுக்குப் பொறுக்கமாட்டேன்.

அலுமாரியின் அடியிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினான். எரித்ததற்கான பத்திரம். திகதியும் நேரமும் பேனையால் எழுதியிருந்தது.

2020.12.17. பி.ப. 4.20.

என் கொப்பியின் முதல் வரியும் அதுதான்.