நாங்கள் ஒட்டிய வாப்பா

குழந்தைகளைப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஆயுள் கொஞ்சம் குறைவு. அதில் பாதியைக் குழந்தை எடுத்துக்கொள்ளும், மீதியைக் கூட வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு வயசுப் பிள்ளையை உட்கார வைத்து, ஐந்து பேர் ஐந்து பக்கம் நின்று "இங்க பாரு, இங்க பாரு" என்று கத்தியிருப்பீர்கள். பிள்ளை ஆறாவது பக்கம் பார்த்திருக்கும். ஆகவே நீங்களும் என் கட்சிதான். நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

காலி இடம்

காயல்பட்டினத்துப் பெண்கள் அவ்வளவு தூரம் பஸ் ஏறி என்னிடம் வருவதற்கு என் திறமை காரணமில்லை. கேமரா பிடிப்பது ஒரு பெண் என்பதுதான் காரணம். அப்படி வந்தவள் பரீதா. இடுப்பில் மகள் நூரா, அன்றைக்குத்தான் ஒரு வயசு. பரீதாவின் கணவர் இஸ்மாயிலுக்குத் துபாயில் ஒரு கடையில் வேலை. பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது பழகிய வேலை. வெளிநாட்டில் இருக்கிறவருக்கு இடம் விட்டுப் படம் எடுப்போம். பிறகு அவரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் ஒட்டுவோம். சிவப்பு மெத்தை போட்ட மர நாற்காலியில் நூராவை உட்கார வைத்து, ஒரு பக்கம் பரீதாவை நிறுத்தி, மறுபக்கத்தைக் காலியாக விட்டேன். நூரா அழுதாள், கிலுகிலுப்பையை என் மேல் வீசினாள், கடைசியில் என் செருப்பைக் கையில் கொடுத்ததும் சிரித்தாள். பரீதா அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "ரொம்பத் தள்ளி நிறுத்திராதியக்கா. அவரு ஏற்கனவே தூரத்துலதான் இருக்காரு."

ஒன்பதரை விரல்

இஸ்மாயில் அனுப்பி வைத்தது கடைக்குள் நின்று எடுத்த செல்ஃபி. முகம் நன்றாக இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. உடம்புக்கு எங்கே போவது? எடிட்டிங் பார்க்கும் அந்தோணியைக் கூப்பிட்டேன். அவர் தருவைகுளத்துக்காரர். மீன்பிடிக்கப் போன காலத்தில் படகு எந்திரம் அவருடைய வலது கை நடுவிரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒன்பதரை விரலை வைத்துக் கம்ப்யூட்டர் படித்து என்னிடம் வேலைக்கு வந்தவர். உள் அறையை விட்டு வெளியே வரவே மாட்டார்.

பரீதா போன பிறகு அவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, அதே இடத்தில் நிறுத்தி, காலி நாற்காலியின் முதுகில் வலது கையை வைக்கச் சொல்லி எடுத்தேன். தலையை மாற்றினோம். வெளிச்சம் அவ்வளவு பொருத்தமாக விழுந்த சந்தோஷத்தில் விரலை மறந்துபோனோம்.

படம் வாங்க வந்த பரீதா முகத்தை மட்டும்தான் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "உடம்பு யாரோடதுக்கா?" என்று கேட்டாள். அவள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளை நிற்கிறார் என்று எப்படிச் சொல்வேன்? "அதெல்லாம் கம்ப்யூட்டர்லயே ரெடியா இருக்கும்மா" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் படியிறங்கியதும் அந்தோணி திரையில் தன் கையைக் காட்டினார். "எக்கா, பொய்ய முழுசா சொல்லிட்டிய. விரலத்தான் அரையா விட்டுட்டிய."

நாலு படம்

அடுத்த வருடமாவது திருத்தியிருக்கலாம். திருத்தினால் முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் கை மாறிவிடும், பரீதா கேட்பாள் என்று பயம். அதனால் அதே ஆளை, அதே கையோடு மறுபடி ஒட்டினோம். அதற்கடுத்த வருடமும் அப்படியே. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அதே நாற்காலி, அதே இடம். பிள்ளை வளர்வது தெரிய வேண்டும் என்று பரீதா நாலு படத்தையும் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தாள். முதல் படத்தில் நூராவின் கால் மெத்தையைத் தாண்டவில்லை. நாலாவது படத்தில் தரையைத் தேடியது. தலை அந்தக் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வாப்பா மட்டும் வளராமல், நரைக்காமல், அப்படியே நின்றார். நிஜ இஸ்மாயிலுக்கோ விசா மாற்றம், கடை மாற்றம் என்று லீவு தள்ளிக்கொண்டே போனது.

நாலாவது படம் வாங்க வந்த அன்று பரீதா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "காலைல பள்ளிக்கூடம் போவும்போது ஸ்டூல போட்டு ஏறி, வாப்பா கைக்கு முத்தம் குடுத்துட்டுத்தாங்க்கா போறா. முகத்த ஏறிட்டே பாக்க மாட்டா."

போன் வாப்பா

போன மாதம் இஸ்மாயில் வந்தார். முப்பது நாள் லீவு. இருபத்தெட்டாம் நாள் மூன்று பேரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள், ஒட்டாத முதல் படம் எடுக்க. நூராவுக்கு நாலரை வயசு. உம்மாவின் பர்தாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். இஸ்மாயில் ஒரு சாக்லேட் டப்பாவை அவள் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றார். அவள் வாங்கவில்லை. அவரும் கையை மடக்கவில்லை.

பரீதா என்னைத் தனியே இழுத்து அழுதாள். இத்தனை நாளில் பிள்ளை அவர் மடியில் உட்காரவில்லை, அவர் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. வந்த அன்று அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு கிட்டேயே போகவில்லை. தினமும் வீடியோ காலில் பேசிய மனுஷன்தானே, வெட்கம் தெளிந்துவிடும் என்று வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். நாளை மறுநாள் விமானம். அடுத்து வருவதற்கு இரண்டு வருடம் ஆகும்.

இது வெட்கமில்லை என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது. போனில் தெரிந்தது முகம். சுவரில் அவள் உயரத்துக்கு எட்டியது கை. இஸ்மாயில் முழங்காலிட்டு, "வாப்பாட்ட வாங்கம்மா" என்றார். குரல் கெஞ்சியது. நூரா மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்: "நீங்க போன் வாப்பா. எங்க வாப்பா வீட்ல இருக்காங்க."

கதவு திறந்தது

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் உள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தோணி வந்தார், வெளியே ஆள் இருப்பது தெரியாமல், லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு. நூரா பார்த்தது அவரையல்ல, அந்தக் கையை. பர்தாவை விட்டாள். நேராகப் போய் அந்த அரை விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். "வாப்பா" என்றாள்.

இஸ்மாயில் எழுந்து, சாக்லேட் டப்பாவை மெதுவாக நாற்காலியில் வைத்தார். அந்தோணியைப் பார்த்தார். பிறகு பரீதாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தோணியை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நாலரை வருடம் கழித்து வந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்ன ஒரு பொய் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வந்து நின்றது.

"தப்பு என்னோடது" என்று அவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிப்போனேன். முதல் படத்தைத் திறந்து, இஸ்மாயிலின் முகத்தை எடுத்தேன். அடியில் அந்தோணியின் முகம். பரீதாவையும் பிள்ளையையும் எடுத்தேன். காலி நாற்காலியில் கை வைத்தபடி அந்தோணி தனியே நின்றார். மறுபடி ஒவ்வொருவராக வைத்தேன். நாலு படத்தையும் அப்படியே பிரித்துக் காட்டினேன். பரீதாவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். "மன்னிச்சிருங்க பாய்" என்று அந்தோணி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். திட்டுவார், காறித் துப்புவார் என்று நின்றேன். இஸ்மாயில் முதலில் பரீதாவின் பக்கம் திரும்பித் தலை குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு வார்த்த கேட்டிருந்தா கையயும் படம் எடுத்து அனுப்பிருப்பனேக்கா" என்றார்.

நடுவிரல்

அந்தோணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாக்லேட் டப்பாவை எடுத்துவிட்டு நூராவை நாற்காலியில் உட்கார வைத்தோம். கண் அந்தக் கதவிலேயே இருந்தது. உதடு பிதுங்கியது. இன்னும் ஒரு நிமிடத்தில் ஊரைக் கூட்டப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இஸ்மாயில் படத்தில் தான் நிற்கும் இடத்துக்குப் போனார். நாற்காலி முதுகில் வலது கையை வைத்தார். வைத்துவிட்டு, நடுவிரலை மட்டும் பாதியாக மடக்கிக்கொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை.

நூரா ஓரக்கண்ணால் பார்த்தாள். முழுசாகத் திரும்பினாள். முழங்கால் போட்டு ஏறி, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தாள். கையைத் தொட்டாள். விரலைத் தொட்டாள். உள்ளே ஒளிந்திருந்த பாதியைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நிமிர்த்தினாள். இஸ்மாயில் மூச்சு விடவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன். ஒருவரும் கேமராவைப் பார்க்காத அந்தப் படம்தான் இப்போது அவர்கள் சுவரில் ஐந்தாவது. அழுத்திய சத்தம் அடங்குவதற்குள் நூரா அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "உம்மா, இங்க பாருங்க, வாப்பாக்கு விரல் வளந்துட்டு!"

இப்போதெல்லாம் ஊரில் இல்லாதவரின் இடத்தைக் காலியாகவே விட்டுப் படம் எடுக்கிறோம். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களிடம், முகம் பிறகு பார்க்கலாம், முதலில் பத்து விரலையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்கிறோம்.