பொருள்: நாத்தனார், எண்ணிக்கை: ஒன்று

பார்சல் ஆபீஸில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயரை மேனேஜரே மறந்துவிட்டார். சம்பளப் பட்டியல் வரும் நாளில் மட்டும், "இது யாருய்யா புதுசா?" என்று கேட்பார். பன்னிரண்டு வருஷமாகப் பார்சல் கட்டும் மேசையில் நிற்கிறாள். கண்ணாடி ஜாடியானாலும் சரி, கார் கதவானாலும் சரி, அவள் கைபட்டுப் போன பெட்டி ஒன்றுகூட உடைந்து திரும்பியதில்லை. டேப்பைப் பல்லால் கடிக்கமாட்டாள், கத்தரிக்கோலைத் தேடவும் மாட்டாள். கட்டைவிரல் நகத்தால் ஒரு கிள்ளு, அவ்வளவுதான்.

அந்த டேப் ஆபீஸோடு நின்றிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலை மிச்சம். எங்கே நின்றது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கமாட்டாமல், தன் இடது கையில் சாப்பாடு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் நிறமில்லாத டேப்பை மூன்று அடுக்கு ஒட்டி, வெட்டி உருவிப் பார்த்தாள். கை தனியாக மேசைமேல் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் விரல்மடிப்பு வரைக்கும் அவள் கையேதான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

அடுத்தது கணவரின் கால், கணவரின் தொப்பை, கடைசியில் முழுக் கணவர். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், ஊருக்கே மாஸ்டர். தங்கமான மனுஷன். ஆனால் நாற்பது நிமிஷம் ஆடாமல் இருப்பது மட்டும் அவரால் ஆகாது. படபடப்பு வந்தால் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். மாணவர்களுக்காகப் பிரேக் போட்டுப் போட்டு வந்த வியாதி. டேப் மாஸ்டருக்கு வலது பாதம் கோணிக்கொண்டிருப்பது அதனால்தான்.

ஆடாமல் உட்காருவதில் நாத்தனாரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாஸ்டருடைய அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், வீட்டில் சரிபாதி அவளுக்குச் சொந்தம். அருங்காட்சியகத்தில் காவலுக்கு இருந்து ஓய்வு பெற்றவள். ஓவியங்கள் மாட்டிய பெரிய அறை, மூலையில் ஒரு நாற்காலி, அந்த நாற்காலியில் அவள். "தொடாதீங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத உத்தியோகம். நாற்பது நிமிஷமெல்லாம் அவளுக்கு எம்மாத்திரம்! மூக்குக்கு மட்டும் வழிவிட்டு உடம்பெல்லாம் டேப் சுற்றியபோது மூச்சுவிடுவதே தெரியவில்லை. டேப்பக்கா பயந்துபோய், "அண்ணி, இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். முதுகுப்பக்கம் வெட்டி, அவளை வெளியே எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டியதும் இன்னொரு நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைகோத்து, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு. டேப்பக்கா செய்ததிலேயே அதுதான் உசத்தி, சந்தேகமே வேண்டாம்.

பிடித்துத்தான் உட்கார்ந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். நாத்தனாருக்கு இந்த டேப் ஜனங்களைக் கண்டாலே ஆகாது. ஹாலில் இப்போது பதினொரு பேர், பஸ்ஸில் நிற்கிற மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு. தண்ணீர் கேன் போட வந்தவர் டேப் மாஸ்டரிடம் வணக்கம் சொல்லி, அது பதில் சொல்லாததில் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. நாத்தனாரைப் பார்க்க வந்த பழைய சிநேகிதி விளக்கைப் போட்டதும் வீல் என்று அலறினாள்.

டேப்பக்காவுக்கு இருந்ததோ ஒரே ஆசை. தான் செய்த ஒரு ஆளைப் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். அந்த ஹாலில் அது நடக்காது. நான்கு அடி பின்னால் போனால் இடுப்பு ஃபிரிட்ஜில் இடிக்கும்.

அப்போதுதான் மதிய இடைவேளையில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு ரெசிடென்ஸி என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. எங்கோ ஒரு தேசத்தில் கலைஞர்களைக் கூப்பிட்டுத் தங்க இடம், சாப்பாடு, வேலைசெய்யப் பெரிய அறை எல்லாம் கொடுத்து, ஆறு வாரம் உன் இஷ்டம்போல எதையாவது செய் என்று விட்டுவிடுவார்களாம். "சோறும் போட்டு ரூமும் குடுத்து, என்ன செஞ்சேன்னு கேக்கவும் மாட்டாங்களாங்க!" என்றாள். மாஸ்டர், "ஏதாவது மோசடியா இருக்கும்மா, பேங்க் நம்பர் கேட்டா குடுத்துடாதே" என்றார்.

மோசடி இல்லை, வரிசைதான் பெரியது. தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினாள். ஒரு இடத்தில் பட்டம் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் இதற்கு முன் எந்தெந்த நாட்டில் கண்காட்சி வைத்தீர்கள் என்று கேட்டார்கள். பாதி இடங்களில் 'வளரும் கலைஞர்களுக்கு மட்டும்' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் முப்பத்தைந்து வயதுக்குள் என்று இருக்கும். டேப்பக்காவுக்கு நாற்பத்தெட்டு. "வளர்ந்து முடிச்சு சுருங்கவே ஆரம்பிச்சாச்சு, இனிமே எங்க வளர்றது?" என்று அலுத்துக்கொள்வாள். அப்புறம் சூட்சுமம் பிடிபட்டது. எந்த அறிவிப்பானாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தை முதலில் படிப்பாள். தேறினால்தான் மேலே இருக்கும் ஏரி, மலைப் படங்களைப் பார்ப்பாள்.

பத்தொன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தாள். பத்தொன்பதும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டன. நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் முடிவாகச் சொன்னாள்.

"இதோ பாரும்மா. நீ அனுப்புறதும் அவங்க வேணாங்கறதும் உங்க விவகாரம். நான் என் வீட்டு ஹால்ல காலை நீட்டி உட்கார்ந்து ரெண்டு வருஷமாச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை எழுதிப் போடு. கிடைச்சா அத்தனையும் உன் இஷ்டம். கிடைக்கலைன்னா பதினோரு பேரும் குப்பை வண்டியில ஏறணும்."

மாஸ்டரின் வலது கால் தரையை அமுக்கியது. டேப்பக்கா, "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இருபதாவது இடம் ஏரிக்கரையில் இருந்த ஒரு பழைய செங்கல் கிடங்கு. வயது வரம்பு இல்லை, பட்டமும் வேண்டாம். பத்துப் படம், முந்நூறு வார்த்தையில் 'உங்கள் கலைப் பார்வை'. டேப்பக்கா எழுதியது: 'பிடித்த ஆளைச் சுற்றி டேப் ஒட்டுவேன்.' மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து வார்த்தைக்கு எங்கே போவது? கையைப் பிசைந்துகொண்டிருந்தவளைப் பார்க்கச் சகிக்காமல் நாத்தனாரே வாயைத் திறந்தாள்.

"எழுதிக்கோ. இருத்தலுக்கும் இன்மைக்கும் இடையே நிகழும் ஓயாத உரையாடலே என் படைப்புலகம்."

"ஐயோ அண்ணி! அப்படின்னா என்ன?"

"யாருக்குத் தெரியும்? முப்பது வருஷமா எல்லாச் சுவத்துலயும் அதான் எழுதி ஒட்டியிருந்தாங்க. நீ எழுது."

ஒரே மூச்சில் முந்நூறு வார்த்தை வந்தது. படங்கள் ஏறின. கடைசியில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. டேப்பக்கா திரையையே முறைத்தாள். ரசீது இல்லை, நம்பர் இல்லை, கையெழுத்து வாங்க ஆள் இல்லை. பன்னிரண்டு வருஷம் பார்சல் கட்டியவளுக்கு இதென்ன அனுப்பல் என்று தோன்றாதா? காற்றில் விட்டதை யார் வாங்கி, யார் கொடுத்தார்கள் என்று எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்த உலகத்தில், பெட்டியில் போய் நம்பரோடு சேர்ந்ததுதான் சேர்ந்தது.

மறுநாள் காலையில் நாத்தனார் காய்கறி வாங்கப் போன நேரமாகப் பார்த்து, டேப் நாத்தனாரையே ஏரிக்கரைக் கிடங்குக்கு அனுப்பிவைக்கத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு பார்சல் இலவசம். பெட்டியும் தயார், ஆனால் சுங்கப் படிவத்தில் என்ன பொருள் என்று எழுத வேண்டும். 'சிற்பம்' என்றால் ஆயிரம் சான்றிதழ் கேட்பார்கள். 'பொம்மை' என்று எழுத மனசு வரவில்லை. பொய்யாக எழுதிய பெட்டிகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

அரைமணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னம்மா இது? பொருள், நாத்தனார். எண்ணிக்கை, ஒன்று. குறிப்பு, உள்ளே காலி. ஆளை அனுப்புறியா?"

"ஆள் இல்ல சார், ஆளோட மேல்தோல் மாதிரி."

"மேல்தோலா!" மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"டேப் சார், வெறும் டேப். வேணும்னா திறந்து பாருங்க."

திறந்து பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து நாத்தனார் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். மேனேஜர் மூடியைத் திரும்ப மூடினார். அப்புறம் மெதுவான குரலில், "நிஜ நாத்தனாருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப சாயங்காலம் சீக்கிரம் கிளம்பும்மா" என்று முத்திரை குத்தினார்.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே கேள்வி வந்தது. "நான் எங்கடி?"

"வந்து... அண்ணி..."

"வந்தும் இல்ல போயும் இல்ல. காலையில இருந்தேன், இப்ப ஹால்ல என்னைக் காணோம்!"

விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். கேட்காமல் கொள்ளாமல் முன்பின் தெரியாத ஊருக்குத் தன்னை மூட்டைகட்டி அனுப்பிவிட்டாளே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், "இப்ப எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். டேப்பக்கா போனில் நம்பரைத் தட்டி, "விமான நிலையக் கிடங்குல, அண்ணி" என்றாள். அதற்கப்புறம் தினமும் இதே கேள்விதான். டேப்பக்காவும் மணிக்கொரு தரம் பார்சல் நம்பரைப் பார்ப்பாள். விண்ணப்பத்தின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. போனே அதை நம் பாஷைக்கு மாற்றிக் கொடுத்தது. மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார, மாஸ்டர் வாசித்தார்.

"உங்கள் பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. பிரித்த நிமிடத்திலிருந்து இங்கே யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. உடனே உங்கள் விண்ணப்பத்தைத் தேடினோம். வந்தவற்றில் அது இல்லை. பிறகுதான் கண்டுபிடித்தோம். எல்லாவற்றையும் நிரப்பிச் சேமித்திருக்கிறீர்கள். 'சமர்ப்பி' என்ற கடைசி பட்டனை அழுத்தவே இல்லை. கடைசி நாள் போன வாரமே முடிந்துவிட்டது, ஏழு இடங்களும் நிரம்பிவிட்டன. விதியை மீற எங்களால் முடியவில்லை. மிகவும் வருந்துகிறோம்."

டேப்பக்கா கல்லாய்ச் சமைந்துவிட்டாள். பெட்டி கட்டி, லேபிள் ஒட்டி, வண்டியில் ஏற்றாமல் விட்டது போல ஆயிற்றே! புதுசாகச் சேர்ந்தவர்கள் இப்படிச் செய்தால் அவளே வாங்குவாங்கென்று வாங்கியிருப்பாள். பச்சை டிக்கைப் பார்த்து ஏமாந்தோமே, இன்னும் ஒரே ஒரு தடவை விரலை வைத்திருந்தால் போதுமே என்று நெஞ்சு எரிந்தது. யாரையும் குறைசொல்ல முடியாததுதான் அதில் பெரிய கொடுமை.

ஆனாலும் வாக்கு வாக்குத்தான். எழுந்து ஹாலுக்குப் போனாள். டேப் மாஸ்டரை இடுப்போடு சேர்த்துத் தூக்கினாள். நிஜ மாஸ்டரின் கால் தரையை அமுக்கு அமுக்கென்று அமுக்கியது. "அக்கா, நீயாவது ஏதாவது சொல்லேன்" என்றார்.

நாத்தனார் போனை வாங்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் கீழே என்னமோ இருக்குடா. படமா அது?"

படம்தான். நீளமான அறை, வெள்ளைச் சுவர், ஆளுயர ஜன்னல். ஜன்னலோரம் நாற்காலியில் நாத்தனார், மடியில் கைகோத்து, வெளிச்சம் அவளுக்குள் புகுந்து வெளியே வந்துகொண்டிருக்க. சுற்றிலும் ஒருவரும் இடிக்கவில்லை. தள்ளி ஒரு மேசையில் அங்கே வேலைபார்ப்பவர்கள், சாப்பிடுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியில் இரண்டு வரி: 'அடுத்த வருடம் நீங்கள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை இந்த அம்மாள் எங்களோடு இருக்கலாமா?'

டேப்பக்கா டேப் மாஸ்டரை இடுக்கியபடியே வந்து எட்டிப் பார்த்தாள். படம் எடுத்தவர் பத்தடிக்கு மேலேயே தள்ளி நின்று எடுத்திருந்தார். "அண்ணி, எவ்வளவு நல்லா இருக்கீங்க!" என்றாள்.

நாத்தனார் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முப்பது வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். எத்தனை ஆயிரம் பேர் வந்திருப்பாங்க! எல்லாரும் சுவத்தைப் பார்த்தாங்க. ஒருத்தர்கூட என்னைப் பார்க்கல. பார்க்கலைன்னு எனக்கும் தெரியல, இப்பதான் தெரியுது."

மாஸ்டரின் கால்கூட அசையாமல் இருந்தது.

"அவனை இறக்கி வை" என்றாள் நாத்தனார். "எவ்வளவு நேரம் இடுக்கிட்டு நிப்பே?"

"ஹால், அண்ணி..."

"ஹால் கிடக்குது ஹால். அவங்களுக்குப் பதில் எழுது. இருக்கட்டும், ஆனா அடுப்புப் பக்கம் வைக்காதீங்க, உருகிடுவேன்னு எழுது."

டேப்பக்கா விசும்பி விசும்பி அழுதுகொண்டே சிரித்தாள். நாத்தனார் எழுந்து போய் ஹாலில் கிடந்த செருப்பு, பை, பழைய பேப்பர் எல்லாவற்றையும் காலால் ஓரம் தள்ளி, நடுவில் கொஞ்சம் இடம் பண்ணினாள்.

"கண்ணைத் துடைச்சுட்டு டேப்பை எடுத்துட்டு வா. இந்தத் தடவை நான் நிக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போச்சு எனக்கு."