பிசாசுக்கு ஒரு கதவு

நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ் ஆராதனை ஒரு கல் கோவிலில் நடந்தது, ஞாயிறு மத்தியானத்துக்கு மட்டும் வாடகை. இங்கிலாந்தில் எழுநூறு வருஷத்துக்கு முன் கட்டிய ஊர்க்கோவில் ஒன்றை அப்படியே பார்த்துக் கட்டியதாம். கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், கூம்பிய வளைவுகள், கூரை ஓரத்தில் வாயைப் பிளந்து மழைத்தண்ணீர் துப்பும் கல் பூதங்கள். அப்போது எனக்கு ஏழு வயது. பூதங்களை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே ஓடிவிடுவேன்.

போதாக்குறைக்குச் சித்தப்பா வேறு. தம்பியின் ஞானஸ்நானத்தன்று வடக்குச் சுவரிலிருந்த குட்டைக் கதவைக் காட்டி, "ஏட்டி, அது எதுக்குத் தெரியுமா? பிசாசு வெளிய போறதுக்கு. அந்தக் காலத்துல ஞானஸ்நானம் குடுக்கும்போது தொறந்து வெப்பாங்க," என்றார்.

"இப்போ?"

"இப்ப யாரு தொறக்கா? ஜனவரிக் குளிர்லா உள்ள வந்துரும்!"

அவர் சிரித்தார். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு மூன்று மாதம். இதயத்தில் ஓட்டை, மறுநாள் காலை ஆபரேஷன். அழுதால் பூனைக்குட்டி முனகுகிற மாதிரி இருக்கும், உதடு நீலமாகிவிடும். ஞானஸ்நானக் கல்தொட்டி அருகே அவனை ஏந்தி நின்றார்கள். பாஸ்டர் கேட்டார்: "பிசாசையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறீர்களா?"

அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் சேர்ந்து, "விட்டுவிடுகிறோம்" என்றார்கள்.

ஐயோ! அமெரிக்காவில் பிறந்த எனக்குத் தெரிந்த 'விட்டுவிடு' பக்கத்து வீட்டு நாயோடு சேர்ந்தது. 'கயித்த விட்டுராத, கடிச்சிரும்' என்பார் அப்பா. இப்போது இவர்களே பிசாசை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். கதவோ சாத்திக் கிடக்கிறது. அது யாரிடம் போகும்? இருப்பதிலேயே சின்ன ஆளிடம்தானே போகும்?

அந்தக் குட்டைக் கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் சில்லிட்டது. இரண்டு கையாலும் தொங்கி இழுத்தேன். கதவு திறந்து காற்று சீறி வந்ததில் மெழுகுவர்த்தியெல்லாம் அணைந்தது. தம்பி வீல் என்று அலறினான். அப்படி ஒரு சத்தத்தை அவனிடம் நாங்கள் கேட்டதே இல்லை.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. சித்தப்பா ஓடிவந்து கதவைச் சாத்தினார். அம்மா தம்பியின் வாயருகே காதை வைத்து, "அழட்டும், அழட்டும். நாளைக்கு எப்படியோ, இன்னைக்குக் கேட்டுக்கிடுதேன்," என்றாள். அப்பா ஃபோனை எடுத்து அந்த அழுகையைப் பதிவு செய்தார்.

பிசாசு போன சந்தோஷத்தில்தான் வீடியோ எடுக்கிறார் என்று நினைத்தேன். நடுவில் முகத்தை நுழைத்து "ஹாய்!" சொன்னேன்.

தம்பி இப்போது அந்தக் கதவில் குனிந்துதான் நுழைய வேண்டும். வீடியோவைப் போட்டால் என் ஹாயைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். அம்மா மட்டும் அதை இன்றுவரை பார்த்ததில்லை.