ஜவுளிக்கடைக்குள் கறுப்பு ஒயர் வந்த கதை

எரியாத விளக்கு ஷாக் அடிக்குமா?

ஒயரிங் வேலை செய்யும் மாசிலாமணி அண்ணன் ஒரு நாள் என்னிடம் இதைக் கேட்டார். பல்பே எரியவில்லை என்றால் கரண்டு எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். கேட்டதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

மாசிலாமணிக்குக் கிளியனூர் பக்கம். அப்பா, அம்மா இருவரும் பிறர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி, நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அந்த நிலத்து பம்புசெட்டு நின்றுபோனால் எல்லாரும் மோட்டாரைத் திட்டுவார்கள். மாசிலாமணிக்கு மட்டும் அதைப் பிரித்துப் பார்க்கக் கை பரபரக்கும். அந்தப் பரபரப்புதான் அவரைத் திண்டிவனத்தில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடைக்குக் கொண்டுவந்தது. பிறகு வீட்டு ஒயரிங் கற்றார். பரீட்சை எழுதி ஒயர்மேன் லைசென்ஸும் வாங்கினார். அதை பஸ் கண்டக்டரிடம்கூடக் காட்டினார் என்று அவர் மனைவி பொன்னி இன்றைக்கும் கேலி செய்வார்.

எண்பத்தைந்தாம் வருஷம் விழுப்புரத்தில் சக்கரபாணி என்பவர் கீழும் மாடியுமாகப் புது ஜவுளிக்கடை கட்டினார். ஒயரிங் வேலையை எடுத்த காண்ட்ராக்டர், முழுப் பொறுப்பையும் மாசிலாமணியிடம் விட்டுவிட்டார். "இத்தை நல்லபடியா முடி. அடுத்து கல்யாண மண்டபம் ஒண்ணு வருது, அதுவும் உனக்குத்தான்" என்றார். மாசிலாமணிக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒயர்ச் சுருள்கள் வந்து இறங்கின. சக்கரபாணி எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னாப்பா இது, கறுப்பு?"

"ஒயருங்க மொதலாளி. சிவப்புல கரண்டு வரும், கறுப்புல திரும்பிப் போவும்."

"புதுக் கடைக்குள்ள கறுப்பு வரக்கூடாது. கறுப்புப் பொடவையவே நான் மொத நாள் அடுக்க மாட்டேன். அதுவுமில்லாம கறுப்பும் சிவப்பும் சேர்ந்து தொங்கிச்சுன்னா, கட்சி ஆபீசுன்னு நெனச்சி எவனாவது மனு எழுதிக்கினு வந்துடுவான். மஞ்சளும் பச்சையும் போடு. மங்களகரமா இருக்கட்டும்."

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். விதிப்படி விளக்குக்குச் சிவப்பு கரண்டு வரும் வழி. கறுப்பு திரும்பும் வழி. பச்சை எர்த்து, அதாவது விளக்கின் உலோக உடம்பை மண்ணோடு சேர்க்கும் ஒயர். ஆனால் கரண்டுக்குக் கண்ணா இருக்கிறது, நிறம் பார்க்க? போடுகிறவர் தாம்தானே, எது எது என்று தமக்குத் தெரியாதா? பச்சையில் கரண்டு, மஞ்சளில் திரும்பும் வழி, எர்த்துக்கு வெறும் செம்புக் கம்பி என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு கடை முழுவதும் இழுத்துவிட்டார்.

மெட்ராசிலிருந்து வரவேண்டிய பித்தளைத் தொங்கு விளக்குகள் கடைத் திறப்பு அன்று காலையில்தான் வந்து சேர்ந்தன. ஜல்தியாக மாட்டியாக வேண்டும். வானூரில் வேறு வேலையில் இருந்த பொன்னியின் தம்பி துரைக்கண்ணுவை வரச்சொல்லி, அவசரத்தில் தம் நிறக் கணக்கைச் சொல்ல மறந்து மாடிக்கு அனுப்பிவிட்டு, மாசிலாமணி கீழே மாட்டினார்.

ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. துரைக்கண்ணுவும் வேலை தெரிந்தவர்தான். பச்சைக்குப் பச்சையைக் கொடுத்தார். மிச்சத்தில் சிவப்பை மஞ்சளோடும், கறுப்பைச் செம்புக் கம்பியோடும் முறுக்கினார்.

மெயினைப் போட்டதும் கீழே கடை தகதகவென்று எரிந்தது. வேலையாட்கள் கைதட்டினார்கள். மாடியில் ஒன்றுகூட எரியவில்லை.

"மாமா, இன்னா பேஜாரு இது? பல்பு எல்லாம் டூப்ளிகேட்டா?" என்று துரைக்கண்ணு மேலிருந்து கத்தினார்.

மாசிலாமணி ஓடிப்போய் ஒரு விளக்கின் பித்தளையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பாகப் பற்றிக்கொண்டது. விளக்கு எரியவில்லை, விளக்கின் உடம்பு முழுக்கக் கரண்டு! திரும்பிப் பார்த்தால், சேல்ஸ் பெண் அம்சா இரும்பு ஸ்டூலில் ஏறி, தண்ணீர் சொட்டும் சாமந்திச் சரத்தை இன்னொரு விளக்கில் சுற்றக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்சா! தொடாதே! எறங்கு!"

"இன்னாண்ணே, பூதானே சுத்துறேன்?"

"எறங்குடீன்றேன்!"

அவர் போட்ட கூச்சலில் அவள் பூவைப் போட்டுவிட்டுக் குதித்தாள். மாசிலாமணி படிகளைத் தாவித் தாவி இறங்கி, மெயினை இழுத்து, ப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பச்சைக்குப் பச்சைதானே மாமா குடுத்தேன்?" துரைக்கண்ணு பின்னாலேயே இறங்கி வந்தார்.

"நீ செஞ்சது சரிதான் மச்சான். நான்தான் பச்சையில கரண்டு வுட்டு வச்சிருக்கேன். அது பல்புக்குப் போவாம பித்தளைக்குப் போயிடுச்சி."

வாசலில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். நாயனம் ஆரம்பித்துவிட்டது. "மேல மட்டும் ஒயரை மாத்திக் குடுத்துட்டாப் போச்சு மாமா. யாருக்குத் தெரியப்போவுது?" என்று துரைக்கண்ணு காதோடு சொன்னார்.

மாசிலாமணிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மண்டப வேலை கண்ணில் வந்து நின்றது. ஆனால் என்றைக்காவது ஒரு விளக்கு கெட்டுப்போகும். முன்பின் தெரியாத ஒயர்மேன் வந்து பச்சைக்குப் பச்சை கொடுப்பான். அவன் மேல் தப்பே இருக்காது. மறுபடி ஒரு பெண் ஸ்டூலில் ஏறுவாள். தமக்கு மட்டும் தெரிந்த கணக்கால் இன்னொருவர் சாகக்கூடாது.

நேரே சக்கரபாணியிடம் போனார். "மொதலாளி, கடை முச்சூடும் ஒயரு மாத்தணுங்க. செவப்பும் கறுப்பும் போட்டாதான் மெயின் போடுவேங்க."

"மெரட்டுறியா? நல்ல நேரம் போய்க்கினு இருக்குது! கட்டையக் குடு, நான் வேற ஆள இட்டாந்து போட்டுக்கிறேன்."

"குடுக்க மாட்டேங்க."

 கட்டைகளைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சக்கரபாணியின் மனைவி தையல்நாயகி, அம்சாவைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"ஏங்க, நம்ம பையனுக்குப் பேரு வச்ச அன்னிக்கிக் கன்னத்துல இன்னா கலர்ல பொட்டு வச்சோம்?"

"கறுப்பு. அதுக்கின்னா இப்போ?"

"இம்மாம் பெரிய கடைக்கு ஊரு கண்ணு படாதா? உள்ளாற கொஞ்சம் கறுப்பு இருந்துட்டுப் போவட்டும். குத்துவெளக்கு ஏத்துறதுக்குக் கரண்டு இன்னாத்துக்கு? வாங்க, ஏத்தலாம்."

சக்கரபாணி மனைவியைப் பார்த்தார், மாசிலாமணியைப் பார்த்தார். "அப்போ அது திருஷ்டிக் கயிறுன்றியா?"

"ஆமாங்க! திருஷ்டிக் கயிறேதான்!" என்று மாசிலாமணி முந்திக்கொண்டார்.

"அப்போ அத்தக் கொறைக்காம போடு!"

நல்ல நேரத்திலேயே குத்துவிளக்கு ஏற்றிக் கடை திறந்தாயிற்று. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, பகல் வெளிச்சத்தில் வியாபாரம் அமோகமாக நடந்தது. துணி வாங்க வந்தவர்கள் தலைக்கு மேலே ஏணியில் மாமனும் மச்சானும்! பழைய ஒயர் முனையில் புது ஒயரைக் கட்டி, ஒருவர் இந்தப் பக்கம் இழுக்க, ஒருவர் அந்தப் பக்கம் உள்ளே தள்ள, பச்சையும் மஞ்சளும் வெளியே வரும்போதே சிவப்பும் கறுப்பும் ஒயர் போகும் குழாய்க்குள் ஓடின. சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஐயோ, பாம்பு மாதிரி இன்னாமோ கறுப்பா தொங்குதே!" என்று அலறினார். "திருஷ்டிக்குங்க, நீங்க பொடவையப் பாருங்க" என்றார் சக்கரபாணி.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. மாசிலாமணி ஒவ்வொரு விளக்கையும் தாமே திறந்து, எர்த்து பித்தளையைப் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மெயினைப் போட்டார். கீழும் மாடியும் ஒரே நேரத்தில் பளீரென்று எரிந்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். டெஸ்டரோடு ஒவ்வொரு பித்தளையாகத் தொட்டு வந்தார். எதிலும் டெஸ்டர் எரியவில்லை. கடைசி விளக்கில் உள்ளங்கையையே வைத்தார். அம்சா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை.

மண்டப வேலையைக் காண்ட்ராக்டர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். முதலாளியிடம் எதிர்த்துப் பேசுகிறவன் வேண்டாமாம். ஆனால் அடுத்த வருஷம் சக்கரபாணி திண்டிவனத்தில் இன்னொரு கடை போட்டபோது ஒயரிங் வேலைக்குத் தேடி வந்தது மாசிலாமணி வீட்டைத்தான். பித்தளை விளக்குகளையும் முன்னதாகவே வாங்கி வைத்திருந்தார்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கடை கட்டினால், விளக்கு மாட்டப் போனால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். பச்சையில் கரண்டு விடக்கூடாது என்று மட்டும் சொன்னால் மறந்துவிடுவார்கள். அம்சா ஸ்டூலில் ஏறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.