படை அல்ல, குட்டமும் அல்ல

ரசீக் நானா முதல் நாள் என் அறைக்குள் வந்தபோது கதிரையில் உட்காரவில்லை. மூதூர்க்காரர், கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர். மனைவி பரீதாதான் கதைத்தார்.

"டொக்டர், இவருக்கு வந்திருக்கிறது குட்டமா எண்டு மட்டும் சொல்லுங்க. ஊரில அப்பிடித்தான் கதைக்கிறாங்க."

திருகோணமலையில் தோல் நோய் வைத்தியராக நான் வேலை செய்த கடைசி வருடங்களில் நடந்தது இது. புதிதாக வரும் வைத்தியர்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

இடுப்பு, பிட்டம், தொடையின் உட்புறம் என்று வெயில் படாத இடங்களில்தான் சிவந்த தட்டுகள் இருந்தன. சிலவற்றின் மேல் தோல் கசங்கிய சிகரட் தாள்போல மெல்லிதாகச் சுருங்கியிருந்தது. அக்குளிலிருந்து மேற்கைக்கு இறங்கிய ஒன்றுதான் ஊரார் கண்ணில் பட்டது. பெனியனோடு அடுப்படியில் நிற்கிறவர் அதை எப்படி மறைப்பது? கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவது மெல்ல மெல்லக் குறைந்துபோயிற்று.

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். குட்டமென்றால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும், இவருக்கு எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்தது. நரம்புகள் தடிக்கவில்லை. தொழுநோய்க்கான சோதனையிலும் ஒன்றும் வரவில்லை.

"குட்டம் இல்ல, நானா."

"அப்ப என்ன?"

"இன்னும் தெரியாது. தோலில சின்னத் துண்டு எடுத்துப் பாக்கோணும்."

முதல் பயொப்சி முடிவு எக்ஸிமா மாதிரி இருக்கிறது, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றது. எனக்கு மனம் ஆறவில்லை, வேறொரு நோயைச் சந்தேகித்தேன். படைக்கான மருந்து, எக்ஸிமாவுக்கான கிறீம் எல்லாம் வருடக்கணக்காகப் பூசியிருந்தார். பூசினால் மங்கும், விட்டால் அதே இடத்தில் திரும்பவும் வரும். கிறீமைச் சில கிழமைகள் நிறுத்திவிட்டு மறுபடி வரச் சொன்னேன்.

"சொறிச்சல் தாங்க ஏலாது, டொக்டர். ரெண்டாந்தரமும் வெட்டி என்னத்தக் காணப்போறீங்க?"

"கிறீம் பூசிக்கொண்டிருந்தா தோலில இருக்கிற வருத்தம் ஒளிச்சிரும். அது வெளியில நிக்கேக்கதான் பிடிக்கலாம்."

சொன்ன தினத்தில் அவர் வரவில்லை. அடுத்த கிளினிக்குக்கும் வரவில்லை. நான் பரீதாவுக்குப் போன் எடுத்தேன். அவர் என்ன சொல்லிக் கணவரைச் சம்மதிக்க வைத்தார் என்று தெரியாது, மறு கிழமை இருவரும் வந்தார்கள். இம்முறை இரண்டு இடங்களில் துண்டு எடுத்தேன்.

சில நாட்களில் அந்தத் துண்டுகளைப் பரிசோதித்த பத்தோலஜிஸ்ட் போன் எடுத்தார். என்னிலும் இளையவர்.

"அக்கா, நீங்கள் சந்தேகப்பட்டதுதான். லிம்போசைட் எல்லாம் மேல்தோலுக்குள்ள ஏறி நிக்குது. ஸ்பெஷல் ஸ்டெயினும் ஒத்துப்போகுது."

மைகோசிஸ் ஃபங்கொய்டிஸ். பெயரைக் கேட்டால் பங்கஸ் என்று தோன்றும், ஆனால் அதற்கும் பங்கஸுக்கும் தொடர்பில்லை. வெள்ளை இரத்த அணுக்களில் ஒரு வகை தோலில் வந்து தங்கிப் பெருகுகிற, அரிதான புற்றுநோய்.

இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ரசீக் நானா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தின மாசம்?"

"மாசக் கணக்குச் சொல்லுற வருத்தம் இல்ல. இரத்தம், நெறி, ஸ்கேன் எல்லாம் பாப்பம். தோலோட மட்டும் நிண்டா, கனபேர் தங்கட வயசு முழுக்க இருந்து வேற ஏதோ வருத்தத்திலதான் போறவை."

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"மத்தாக்களுக்குத் தொத்துமா?"

"தொத்தாது."

"சகன்ல இருக்கலாமா?"

நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதைத்தான் கேட்டார். ஓம் என்றேன். அப்போதுதான் பரீதா அழுதார். வீட்டிலும் ரசீக் நானா குசினி மூலையில் தனித் தட்டில்தான் சாப்பிட்டு வந்தாராம்.

சோதனை முடிவுகள் வரும்வரை நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். இரத்தம் சரி. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டவில்லை. ஸ்கேனிலும் உள்ளே ஒன்றுமில்லை. அன்று மத்தியானம் நன்றாகப் பசித்தது.

ஒளிச்சிகிச்சை தொடங்கினோம். அலுமாரி அளவில் ஒரு பெட்டி, உள்ளே புறஊதாக்கதிர்க் குழாய்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சில நிமிடம் நிற்க வேண்டும், கிழமைக்கு மூன்று முறை. மூதூரிலிருந்து பாலங்கள் தாண்டி பஸ்ஸில் வந்துபோனார். முதலில் சொறிச்சல் அடங்கியது. சில மாதங்களில் தட்டுகள் மங்கி வெறும் மண்ணிறத் தழும்புகளாயின. கல்யாண வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக அழைப்பு வரத் தொடங்கியதாகப் பரீதா சொன்னார்.

சுகமாகிவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த வருடம் தொடையில் ஒன்று திரும்பி வந்தது, கிறீமுக்கே அடங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க இடையிடையே வந்து காட்ட வேண்டும்.

இளம் வைத்தியர்களுக்கு நான் சொல்வது இதுதான். சரியான மருந்துக்கும் கேட்காத தோலைக் கண்டால் மருந்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள், நோயின் பெயரைச் சந்தேகியுங்கள். ஒரு பயொப்சி பதில் சொல்லாவிட்டால் இன்னொன்று எடுங்கள். நோயாளி வராவிட்டால் கோபிக்காமல் ஒரு போன் எடுங்கள். புற்றுநோய் என்று சொல்ல வாய் திறக்குமுன் அதற்கடுத்த வசனத்தையும் யோசித்து வையுங்கள்.

நோய் அடங்கிக் கிடக்கும் 'ரிமிஷன்' என்பதை ரசீக் நானாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவதென்று யோசித்து, "வருத்தம் இப்ப நித்திரை கொள்ளுது" என்றேன்.

"அது கொள்ளட்டும், டொக்டர்" என்றார் அவர். "நானும் இப்பதான் கொள்ளுறன்."