வலைகாவலருக்கு நாங்கள் சொல்லாத மறுமொழி

நாற்பதாண்டுக் காலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், உலகத்துத் தொழில்கள் அனைத்தையும் அறிந்தவன் என்னும் நம்பிக்கை எனக்கு இருந்தது. அந்நம்பிக்கையை என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கனடாவிலிருந்து, அலைபேசி வழியே தகர்த்தாள். தான் மணக்க விரும்பும் ஒருவர் இருப்பதாகச் சொன்னாள். அவருடைய பெற்றோர் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து நெடுநாளைக்கு முன் குடிபெயர்ந்த நம்மவர்களே என்றும் சொன்னாள். அதுவரை எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. அதன் பிறகுதான் தொழிலைச் சொன்னாள். பனிக்கட்டித் தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஹாக்கியில் அவர் வலைக்கு முன்னால் நிற்பவராம்.

“நின்று?” என்றேன்.

“நின்னு தடுப்பாருங்கப்பா. எதிராளி அடிக்கறது வலைக்குள்ள போகாமத் தடுக்கோணும். அதுதான் வேலைங்க.”

“தடுப்பதற்கு ஊதியமா?”

“ஆமாங்கப்பா.”

பிறர் செய்ய விரும்பும் எதனையும் தடுப்பதை ஊதியமின்றியே இரண்டு தலைமுறையாகச் செய்துவரும் குடும்பம் எங்களுடையது. ஆகவே சற்றுப் பொறாமையும் கொண்டேன். தவிரவும், கோவையில் பனிக்கட்டியை நான் கண்டது கரும்புச்சாற்றுக் கடையிலும் உக்கடத்து மீன் அங்காடியிலும் மட்டுமே. ஒருவர் ஆண்டுக்கணக்கில் காலூன்றுவதற்கு உரிய தளமாக அது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பிறகு மகள் தன் நிபந்தனையை வைத்தாள்.

“உங்களுக்குப் புடிக்கலீன்னா வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. ஆனா என்கிட்டச் சொல்லி, என்னையப் போய்ச் சொல்ல வெக்காதீங்க. கார்த்திகைல நாங்க ரெண்டு பேரும் ஊருக்கு வாரோமுங்க. அவரு மொகத்தப் பாத்து நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் அதோட விட்டர்றேன்.”

மகள் சொன்னால் சொன்னதுதான். ஒரு சொல்லில் முடிந்துவிடும் காரியம் என்று எனக்குள் மகிழ்ந்து, அலைபேசியை வைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்தில் ஒரு முழுநேரப் பணி. என் தமக்கையின் கணவர் அதில் கைதேர்ந்தவர். நீரேற்றிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வளையங்களைவிட நுணுக்கமாக மனிதரைச் சோதிப்பவர். பையனுடைய ஊருக்குப் போவார். தேநீர்க் கடையில் அரை மணி, முடிதிருத்தகத்தில் அரை மணி, கூட்டுறவுச் சங்கத்தில் அரை மணி அமர்வார். மூன்று தலைமுறையின் வண்டவாளத்தோடு திரும்புவார். கனடாவின் பனிபெய்யும் சிற்றூர் ஒன்றில் அமர்வதற்குத் தேநீர்க் கடை இல்லாமையால், இம்முறை இணையத்தில் ஓர் ஆட்டத்தை முழுவதுமாகப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

“மூணு மணி நேரம் பாத்தேனுங் வாத்தியாரே. பையன் தொப்பியப் போட்டுட்டு ஒக்காந்தே இருந்தான்.”

“உட்கார்ந்தா? நிற்பதுதானே வேலை?”

“ஒக்காந்துட்டு, கதவத் தெறந்து உட்டான். மத்தவங்க உள்ள போகையில ஒருக்கா, வெளிய வாரயில ஒருக்கா. அத மட்டும் ஒரு கொறையும் சொல்ல முடியாதுங். நேரத்துக்குத் தெறந்தான்.”

மகளிடம் கேட்டேன். அணிக்கு வலைகாவலர் இருவராம். முதலாமவர் நிற்பார். இரண்டாமவர், முதலாமவருக்கு ஏதேனும் நேரும்வரை ஆயத்தமாக அமர்ந்திருப்பார். நம்மவர் தம் ஒன்பது ஆண்டுத் தொழில்வாழ்வில் பெரும்பகுதி இரண்டாமவர். அவ்வொன்பது ஆண்டுகளில் ஆறு ஊர்களுக்கு மாற்றப்பட்டிருக்கிறார். ஒருமுறை ஓர் அணி இவரை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டதாம்; ஈடாகப் பெற்றது யாது என்று வினவினேன். பின்னொரு நாள் ஏதேனும் தருகிறோம் என்னும் வாக்குறுதியாம். கண்ணபுரம் சந்தையில் மாடு மாற்றுவோர்கூட மறுகையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கயிற்றை விடுவர்.

இச்செய்திகளையெல்லாம் தொகுத்து, உறவினர் பார்வைக்காக ஒரு பக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பொன்றை நல்ல தமிழில் எழுதினேன். இடுப்பில் இருபுறமும் அறுவை மருத்துவம் நடந்ததையும், முகக்காப்பின் மேல் காங்கேயம் காளையொன்றைத் தீட்டி வைத்திருப்பதையும் சேர்த்தேன். என் தமக்கை கண்ணாடி அணிந்து இருமுறை படித்தார்.

“காளை சேரிதான் தம்பி. இதுல வேலைன்னு எங்க வருது?”

இவ்விடத்தில் எங்கள் வழக்கமொன்றைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தம் பேசி வந்தவர்களை மறுப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. மறுக்காதிருப்பதே அம்முறை. ‘பாத்துச் சொல்றோமுங்க’ என்போம். காப்பி கொடுப்போம். வாயில்வரை நடந்து வழியனுப்புவோம். பிறகு ஒன்றும் சொல்லமாட்டோம். ஒரு திங்கள் கழிந்தால் எதிர்த்தரப்பினர் உணர்ந்துகொள்வர். பின்னர் ஏதேனும் ஒரு திருமணப் பந்தியில் எதிரெதிரே அமர நேர்ந்தால், இரு தரப்பும் மழையைப் பற்றி மிகுந்த அக்கறையோடு உரையாடும். என் தமக்கை தம் இரு மகள்களுக்கும் வந்த இடங்களில் பதினொன்றை இவ்வாறு, ஒருவர் மனமும் நோகாமல், அடக்கம் செய்தவர்.

கார்த்திகையில் இருவரும் வந்தனர். ஆட்டப் பருவத்தின் நடுவில் ஓர் ஆட்டக்காரர் எப்படி ஊர்சுற்ற வந்தார் என்னும் வினா, ஆராய்ச்சியே தொழிலாகக் கொண்ட எனக்கும் எழவில்லை. நெடிய உருவம். பெற்றோர் ஊரைவிட்டுப் போன நாளில் எடுத்துச் சென்ற கொங்குப் பேச்சைச் சிறிதும் கெடாமல் வைத்திருந்தார். என் வகுப்பறையில் நாற்பதாண்டுகளாக நான் வேரறுக்க முயன்ற பேச்சு, கனடாவில் செழிப்பாக இருந்திருக்கிறது.

கூடத்தில் பவானி ஜமக்காளம் விரித்து இலை போட்டோம். நாங்கள் அமர்ந்தோம். அவர் நின்றார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. இடுப்புல ரெண்டு பக்கமும் கத்தி வெச்சுட்டாங்க. சம்மணம் வராதுங்க. மண்டி போட்டா ஒண்ணுமில்லீங்க.”

சொன்னவாறே முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து மண்டியிட்டு, கணுக்கால்களை இருபுறமும் அகல விரித்து, இலைக்கு முன் ஒரு சுவர்போல் அமர்ந்தார். நாங்கள் எவரும் அப்படி அமர முயன்றால் ஆம்புலன்ஸ் வரவேண்டியிருக்கும். சோறு பரிமாறிக்கொண்டிருந்த தமக்கை அடுக்களைக்குள் போய், கூடம் முழுவதற்கும் கேட்கும்படியான தணிந்த குரலில் என் துணைவியிடம், “மணவறைல என்ன பண்றது அம்மணி, மண்டி போட்டுட்டா தாலி கட்டுவாரு?” என்றார்.

“இப்பிடி எவ்வளவு நேரம் இருப்பீங்க?” என்று தமக்கையின் கணவர் கேட்டார்.

“ஆட்டம் முடியற வரைக்குமுங்க.”

“சாப்பாடுதான? இருங்க, இருங்க.”

உணவுக்குப் பின் அவர் தம் பையிலிருந்து ஒரு கரிய ரப்பர் வட்டை எடுத்துத் தமக்கையின் கணவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் பந்து இல்லை, இவ்வட்டைத்தான் அடிப்பார்களாம். தமக்கையின் கணவர் அதனைக் கையில் எடை பார்த்தார், நகத்தால் கீறினார், முகர்ந்தார்.

“ரப்பர்ல கார்பன் எச்சாப் போட்டிருக்கானுங்க. நம்ம பட்டறைல இதவிட நல்லாப் போடலாம்.”

“ஆடறதுக்கு முன்னால ஐஸ்ல வெச்சிருவோமுங்க. இல்லீன்னா துள்ளும்.”

இதனைக் கேட்டதும் இவர் எழுந்து போய் வட்டைக் குளிர்பதனப் பெட்டியில், பால் உறைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். அன்றைய நாளில் அத்தொழிலுக்கு எங்கள் குடும்பம் செய்த ஒரே மரியாதை அது.

பிறகு பெரியவர்கள் நால்வரும் அடுக்களையில் கூடினோம். மகளும் அவரும் கூடத்தில் இருந்தனர். முடிவெடுக்க அதிக நேரமாகவில்லை. கதவு திறந்து விடுவது ஒரு தொழிலன்று. ஆகவே வேண்டாம். என் துணைவி மட்டும் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கருத்தை யாரும் கேட்கவும் இல்லை. எஞ்சிய சிக்கல் ஒன்றுதான்: மகளின் நிபந்தனைப்படி, அவருடைய முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியாக வேண்டும்.

“நீங்கள் சொல்லுங்கள், நாலு பேரிடம் பேசுபவர்,” என்றேன் தமக்கையின் கணவரிடம்.

“எனக்குப் போயி வட்டக் குடுத்திருக்காரு. நான் எப்பிடிங் சொல்றது? உங்கக்கா சொல்லட்டும்.”

“நான் சொன்னா அழுதுபோடுவேன். தம்பி, பெத்தவன் நீதான?”

“முதலில் நீங்கள் தொடங்குங்கள் அக்கா, நான் முடித்துவைக்கிறேன்,” என்றேன். நால்வரும் கூடத்துக்கு வந்தோம்.

தமக்கை தொடங்கினார். “நெம்ப சந்தோசமுங் தம்பி, இவ்வளவு தூரம் வந்தது. பாத்துச் சொல்றோமுங்க.”

“எப்பச் சொல்லுவீங்க அத்தை?”

எங்கள் குலவரலாற்றில் எவரும் இதைக் கேட்டதில்லை. தமக்கை என்னைப் பார்த்தார். நான் தமக்கையின் கணவரைப் பார்த்தேன். அவர் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தார்.

“எங்கம்மா சொல்லி உட்டுதுங்க, நம்மூர்ல பாத்துச் சொல்றோம்னா வேண்டாம்னு கணக்கு வெச்சுக்கோன்னு,” என்றார் வலைகாவலர். குரலில் கோபமில்லை. “அப்பிடீன்னா வேண்டாம்னே சொல்லிப்போடுங்க. நேரா வாரது எனக்குப் பழக்கமுங்க. பட்டுத் தெறிச்சு, யாரு கால்லயோ மோதி, எந்தப் பக்கத்துல இருந்தோ வருது பாருங்க, அதத்தான் புடிக்க முடியாது.”

“பாயசம் இன்னொரு தம்ளர்?” என்றார் தமக்கை.

“போதுமுங்க. இன்னொண்ணு, நானே சொல்லிப்போடறேன். பொறவு தெரிஞ்சு சங்கடம் வேண்டாம். போன மாசம் என்னைய டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. வேற யாரும் கூப்படலீங்க. வயசு முப்பத்திமூணாச்சு, இனிக் கூப்புடுவாங்கன்னு எனக்கும் தோணலீங்க.”

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“அப்ப வேலையே இல்லீங்களா?” என்றார் தமக்கை, உண்மையான துயரத்தோடு. பத்து மணித்துளிகளுக்கு முன்புவரை அதை வேலையென்றே ஒப்புக்கொள்ளாதவர் அவர். போனபின் அதன் அருமை தெரிந்துவிட்டது.

எல்லாருடைய பார்வையும் என்மேல் குவிந்தது. மறுக்கும் கலை எனக்குப் புதிதன்று. என்னிடம் வந்த ஆய்வேடுகளைத் திங்கள் கணக்கில் மேசையில் கிடத்தி, மாணவர் பலரைத் தாமாகவே வேறு நெறியாளரிடம் போகச் செய்திருக்கிறேன். இடமாற்றம் கேட்ட உடன்பணியாளரை விடுப்பில் சென்று தவிர்த்திருக்கிறேன். நாற்பதாண்டில் ஒருவரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை என்பதால் எனக்குப் பண்பாளர் என்று பெயர். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன்.

அவரும் நாற்காலிப் பிடியைப் பற்றி மெல்ல எழுந்தார். முழங்கால்கள் சற்றே மடிந்திருந்தன. கைகள் இருபுறமும் திறந்திருந்தன. அவர் பார்த்தது என் கண்களை அன்று. என் வாயைப் பார்த்தார், சொல் எவ்விடத்திலிருந்து புறப்படும் என்று கணிப்பவரைப்போல. அது வந்து தம்மேல் படுவதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

“இனி என்ன செய்வதாக எண்ணம்?” என்றேன், காலம் கடத்துவதற்காக.

“தெரியலீங்க மாமா.”

அக்கூடத்தில் அமைச்சர்கள் அமர்ந்திருக்கிறார்கள், துணைவேந்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ‘தெரியவில்லை’ என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. “சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு ஒரு நெனப்பு. அதுவும் உறுதியில்லீங்க,” என்று அவர் சேர்த்துக்கொண்டார்.

இப்போது சொல்லியிருக்கலாம். ‘வேண்டாம்’ என்னும் நாலே எழுத்து. அச்சொல்லின் வேரையும் வரலாற்றையும் ஒரு மணி நேரம் விரித்துரைக்கும் தகுதி எனக்கு உண்டு. ஆனால் எதிரில் ஒரு முகம் இருக்கும்போது அதனை எடுத்து வைப்பதற்கு என்னிடம் பயிற்சியே இல்லை. ஒன்பது ஆண்டுகள் அடிபட்ட மனிதர் காத்திருந்தார். நான் வாய் திறந்தேன். வெளிவந்தது, என் துணைவியே இதுவரை என்னிடம் கேட்டிராத கொங்குப் பேச்சு.

“வைகாசில முகூர்த்தமிருக்குதான்னு பாக்கோணுமுங்க.”

“மூணு இருக்குதுங்க,” என்றாள் துணைவி அடுக்களை வாயிலிலிருந்து. நாட்காட்டியை எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

அவர் பெரியப்பா வீட்டுக்குப் பெரியநாயக்கன்பாளையம் புறப்பட்டுப் போன பின்னர், வீட்டில் நீதிவிசாரணை நடந்தது. நான் முடித்துவைப்பேன் என்று நம்பித்தான் தொடங்கியதாகத் தமக்கை சொன்னார். முடித்துத்தானே வைத்திருக்கிறேன் என்றேன். வாத்தியாருக்கு உள்ளுக்குள் முதலிலேயே சம்மதம், எனக்கு அப்போதே தெரியும் என்று தமக்கையின் கணவர் தீர்ப்பு வழங்கினார். மணவறையில் பலகைக்குப் பதில் முக்காலி போட, சடங்கு நடத்திவைக்கும் அருமைக்காரர் ஒப்புவாரா என்று கேட்டு வரும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டு, வட்டை மறந்துவிட்டுக் கிளம்பினார்.

மாலையில் மகள் துணி எடுக்க மொட்டைமாடிக்குச் சென்றாள். நானும் பின்னால் போனேன். மருதமலைப் பக்கம் மேகம் கூடியிருந்தது. அவள் கொடியிலிருந்து என் வேட்டியை உருவி மடித்துக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டாள்.

“நெசமாலுமே சம்மதந்தானுங்களாப்பா? இல்ல, வேண்டாம்னு சொல்ல வாய் வராமச் சொன்னீங்களா?”

தந்தையொருவன் இவ்விடத்தில் சொல்லத்தக்க அழகிய விடைகள் பல உண்டு. அவற்றுள் இரண்டு மூன்றை எனக்குள் உருட்டிப் பார்த்தேன்.

“வாய் வராமல்தான் சொன்னேன்,” என்றேன்.

“தெரியுமுங்கப்பா,” என்றாள். “அதுக்குத்தான மொகத்தப் பாத்துச் சொல்லச் சொன்னது.”

மடித்த வேட்டிகளை என் கையில் அடுக்கிவிட்டு, அடுத்த கொடிக்கு நகர்ந்தாள்.