மடிப்பில் அடங்காத இஞ்சி

காலையில் டீக்கு இஞ்சி நசுக்கினேன். வாசம் மூக்கில் ஏறியதும் முகம் சூடாகிவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் இஞ்சி என்றால் எனக்கு முதலில் வருவது வெட்கம்தான்.

தாராவியில் அப்போது பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு அஞ்சாவது. கத்திரி பிடிப்பேன், பென்சில் வராது. பூ வேலை கேட்டு வருகிறவர்களை மாட்டுங்கா கடைகளுக்கு அனுப்பிவிடுவேன். போனவர்கள் தையலையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் எங்கள் சந்தில் பெண்களுக்கு ஓவிய வகுப்பு என்றதும் போனேன். பூவை நானே போடவேண்டும். வேறு ஆசை இல்லை.

டீச்சர் என் மகள் வயசுப் பெண். முதல் நாள் மேசையில் ஒரு கத்திரிக்காயை வைத்து வரையச் சொன்னாள். எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். பேப்பரை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதிக் காய் போட்டேன். பிளவுஸுக்கு அப்படித்தானே? பாதி வரைந்து வெட்டி, பிரித்தால் முழுசு. பையிலிருந்த கத்திரியை எடுத்து வெட்டி, பிரித்துக் காட்டினேன். பெருமையாக வேறு.

பக்கத்தில் ஜெபமணி அக்கா. எங்கள் சந்தில் இட்லி விற்பவள்.

"ஏட்டி, கத்திரிக்காய்க்கு என்ன கழுத்து வச்சிருக்க? போட் நெக்கா?"

ரூமே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மறுவாரம் நான் போகவில்லை. அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"சிரிச்சதுக்கா வரல? ஒம்படமாவது கத்திரிக்கான்னு தெரிஞ்சிது. எம்படத்தப் பாத்து மூட்டப்பூச்சியான்னு கேக்காளுவ. சும்மா வாட்டி."

போனேன். டீச்சர் என் கையில் ஒரு துண்டு இஞ்சியை வைத்தாள்.

"இத எங்க மடிப்பீங்கக்கா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாதி என்று ஒன்று அதில் இல்லை. ஒவ்வொரு முண்டும் தன் இஷ்டத்துக்குப் போயிருந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இல்லியே டீச்சர்."

"ஒங்க ரெண்டு கையும் ஒண்ணாவா இருக்கு?"

பார்த்தேன். வலது கட்டைவிரலில் மட்டும் கத்திரி போட்ட காய்ப்பு.

அன்று வரைந்தது கோணல்தான். முந்தானையால் மறைத்துக்கொண்டே வரைந்தேன். அப்புறம் பாகற்காய், வெற்றிலை, முருங்கைக்கொடி. முருங்கையில் ஏது கொடி என்று அக்கா அதற்கும் சிரித்தாள். முந்தானையால் மறைப்பது மெல்லக் குறைந்தது. ஒரு நாள் ஒரு பிளவுஸில், வலது தோளிலிருந்து முதுகு வழியாக ஒரே ஒரு கொடியை இறக்கினேன்.

வாங்க வந்தவள் புரட்டிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் பூவே இல்லியேக்கா?"

"கொடி அப்படித்தாம்மா போவும்."

வாயிலிருந்து வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். வெளியே வந்தபோது அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தை இடித்துவிட்டார்கள். அக்கா மகனோடு வாஷிக்குப் போனாள், அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். பூவை இப்போது மெஷின் போடுகிறது, இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல. நான் பாண்டுப்பில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

காலையில் நசுக்குவதற்கு முன் இஞ்சியை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தேன்.

"என்னத்தே, அழுகியிருக்கா?" என்றாள் மருமகள்.

இல்லை என்றேன். போட் நெக்கா என்று கேட்க ஆளில்லை.